தூங்குகிற எண்ணெயில் கை வைக்காதவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எந்திரத்தோடு பேசாத ஆளே கிடையாது. பேச்சு என்றால் முக்கால்வாசி திட்டுதான். பேசிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த ஒரே மனிதர் எங்கள் அலாரம். அவர் பேசியது எந்திரத்தோடு அல்ல, தேங்காய் எண்ணெயோடு.

அலாரம் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது சம்பளச் சீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் மட்டும் புழங்கியது. எங்கள் கம்பெனி தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் குளிக்கிற சோப்பும் தயாரித்தது. லாரியில் வந்து இறங்கும் தேங்காய் எண்ணெய் பேரல்களைத் திறந்து, சாம்பிள் எடுத்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு லேபுக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. அவர் கையெழுத்து இல்லாத சாம்பிளை லேப் தொடாது. லேப் சரி என்று சொல்லாமல் ஒரு பேரலும் உள்ளே போகாது. ஆக, காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்புமாக யார்டில் நின்ற அந்த ஐம்பது வயது மனிதர் நினைத்தால் ஒரு லாரியை இரண்டு நாள் நிறுத்தி வைக்கலாம். கம்பெனியில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை அது. அதை அவர் நகை மாதிரி பத்திரமாக வைத்திருந்தார்.

நான் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. தேங்காய் எண்ணெயில் இரண்டே ரகம்தான் என்று நினைத்திருந்தேன்: சின்ன பாட்டில், பெரிய பாட்டில். காங்கேயம் பக்கத்து மில்காரர்கள் ஒரே எண்ணெய்க்கு நாலு விலை சொன்னதும், புது ஆள் என்று ஏய்க்கப் பார்க்கிறார்கள் என முடிவு கட்டினேன். இருப்பதிலேயே மலிவானதில் ஒரு லாரி நிறைய வாங்கிப் போட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு யார்டில் போய் நின்றேன்.

அலாரம் ஒரு பேரலின் மூடியைத் திறந்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது தலைக்கா?"

"ஆமாண்ணே. இன்னா, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இத்த தேச்சினு ரயில்ல ஏறினா, இன்னா சார், ஊட்ல வெறகு அடுப்பான்னு கேப்பாங்க."

புகை போட்டுக் காயவைத்த கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் அது. அவர் அந்த லாரியைச் சத்தமில்லாமல் சோப்புப் பக்கம் திருப்பிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மானம் கப்பலேறாமல் தப்பியது. அவர் என்னைக் காப்பாற்றிய அந்த முதல் தடவையை நான் நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும்.

எண்ணெய் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர் கணக்கில் ரகம். வெயிலில் காய்ந்த வெள்ளைக் கொப்பரையில் ஆட்டியது வாய்க்கு. அதற்கு அடுத்தது தலைக்கு. புகையிலோ கந்தகத்திலோ காய்ந்தது உடம்புக்கு, அதாவது சோப்புக்கு. புண்ணாக்கில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை ரசாயனம் ஊற்றி உருவியெடுத்தால் கிடைப்பதை அவர் எண்ணெய் என்றே சொல்லமாட்டார். "அது" என்பார். வாசனையும் நிறமும் எடுத்துச் சுத்திகரித்தது இன்னொரு ரகம். அதன்மேல் அவருக்குக் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. லேபில் எண்ணெயின் புளிப்பைச் சோதித்து ஓர் எண் சொல்வார்கள். அந்த எண் வருவதற்குள் இவர் அது போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் லேபுக்காக வருத்தப்படுவார்.

மனிதர்களுக்கும் அவரிடம் ரகம் இருந்தது. எங்கள் ஜி.எம். சுத்திகரித்த ரகம். "வாசனையும் இல்ல, கலரும் இல்ல சார். எதுல ஊத்துனாலும் கலந்துடுவாரு." கேன்டீன் நடத்தியவர் ரெண்டு தபா ஆட்டின புண்ணாக்கு. "இனிமே அதுலேர்ந்து ஒண்ணும் வராது. நீங்க எத்தினி தபா கேட்டாலும் சட்னி அவ்ளோதான்." என்னைப் பற்றியும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நல்ல காய்தான் சார். காயவைக்கறப்ப கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

நானும் அவரும் தினமும் பொன்னேரியில் ரயிலேறுகிறவர்கள். நிற்கக்கூட இடமில்லாத பெட்டியில் முன்னால் நிற்கிறவர் தலையை இவர் மோப்பம் பிடிப்பார். ஒரு நாள் ஒரு ஸ்டீல் கம்பெனிக்காரர் திரும்பிவிட்டார். கை உலக்கை மாதிரி இருந்தது.

"இன்னாய்யா, தலைய மோந்து பாத்துனு இருக்க?"

"எண்ண எங்க வாங்கனீங்க?"

"எங்க வாங்குனா உனக்கு இன்னா?"

"பாதி பாமாயிலு. உங்க காசு வேஸ்ட்டா போவுதேன்னு சொன்னேன்."

அடி விழப் போகிறது என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். (வேறு பக்கம் பார்ப்பதில் எனக்கு அப்போதே நல்ல பழக்கம்.) கவரப்பேட்டை வருவதற்குள் அந்த ஸ்டீல்காரர், அவருடைய இரண்டு நண்பர்கள், முறுக்கு விற்கிறவர் ஆக நாலு பேரும் வரிசையாகத் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அலாரம் ஒவ்வொருவருக்கும் ரகம் சொன்னார். முறுக்குக்காரர் தலையில் இருந்தது வாய்க்குப் போகவேண்டிய எண்ணெய் என்று கண்டுபிடித்து, "சட்டில ஊத்த வேண்டியத தலைல ஊத்தினு இருக்கியே நைனா, அப்ப சட்டில இன்னா ஊத்தற?" என்று கேட்டார். அந்த மனிதர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

சரி, அலாரம் என்ற பெயருக்கு வருகிறேன். கார்த்திகை பிறந்தால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்கக் குளிரில் லாரியேறி வரும் பேரல்கள் காலையில் பாதி கெட்டியும் பாதி தண்ணீருமாக இறங்கும். இவர் ஒவ்வொரு பேரலையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பிறகு எங்களிடம் வந்து, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பேசுகிற குரலில் சொல்வார்: "தூங்கினு இருக்குது."

தூங்குகிற சரக்கில் அவர் கை வைக்க மாட்டார். பேரல்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி மணிக்கொரு தடவை திருப்புவார். வெயில் இல்லாவிட்டால் பாய்லர் அறைச் சுவரோரம் உருட்டிக்கொண்டு போவார். முழுக்க உருகிய பிறகு முன்னும் பின்னும் உருட்டிக் கலக்கி, அதற்கப்புறம்தான் மூடியைத் திறப்பார். இதற்கு ஒரு பகல் ஆகலாம். ஒன்றரை நாளும் ஆகலாம். அதுவரை பாட்டில் நிரப்புகிற இடத்தில் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மில்காரர் போனில் கூப்பிட்டால், "இருங்க, இப்பத்தான் எழுப்பினு இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். அதில் வந்த பெயர்தான் அலாரம். அந்த மில்காரர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஆபீசில் யாரய்யா பகலில் தூங்குகிறார்கள், நான் வேண்டுமானால் முதலாளியிடம் சொல்லட்டுமா என்று கேட்டார்.

முதலாளியே ஒரு நாள் வந்தார். கூடவே விருந்தாளிகள் நாலு பேர். ஒரு பேரலைத் தட்டிக்கொடுத்து, "இது எந்த கிரேடுப்பா?" என்று கேட்டார்.

"இன்னும் கேக்கல சார்."

"யாரை?"

"இதத்தான் சார். எழுந்தா சொல்லும். மத்தியானம் ஆவும்."

முதலாளி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து அந்த இடத்தைவிட்டு நகர்ந்தார். ஏன் அப்படி மெதுவாக நடந்தோம் என்று காரில் ஏறிய பிறகுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதுவரை நான் எல்லா இடத்திலும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவந்த கதை. இனிமேல் வருவதை யாரிடமும் சொன்னதில்லை.

அது ஒரு மார்கழி. பொங்கலுக்கு முன்னால் சரக்கு அனுப்பியாக வேண்டும். பாட்டில்கள் காலியாக நின்றன. காலையில் ஒரு சின்ன மில்லிலிருந்து லாரி வந்தது. அலாரம் பேரலைத் தட்டிப் பார்த்தார். மூடியோரம் முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல சரக்கு சார். வெயில்ல காஞ்ச கொப்பர. வாய்க்கே குடுக்கலாம், தலைக்கு வந்துகிது."

"அப்ப சாம்பிள் எடுத்துடலாமாண்ணே?"

"தூங்கினு இருக்குது சார். நாளைக்கு மத்தியானம்."

மூன்று மணிக்கு அவர் ஷிப்ட் முடிந்தது, போய்விட்டார். மூன்றரைக்கு ஜி.எம். கூப்பிட்டார். "சாயந்திரத்துக்குள்ள லேப் ரிப்போர்ட் என் டேபிள்ல இருக்கணும். எண்ணெய் தூங்குது, கனவு காணுதுன்னு கதை சொல்லாத."

நான் யார்டுக்குப் போனேன். ஒரு பேரலின் மூடியைத் திறந்தேன். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு எண்ணெய் தெளிவாக நின்றது, அதற்குக் கீழே வெள்ளையாகக் கெட்டி. தெளிவாக இருந்ததை ஒரு பாட்டிலில் மொண்டுகொண்டேன். நல்ல சரக்கு என்று அவரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன என்று எனக்கு. சீட்டில் ஒரு கட்டம்: சாம்பிள் எடுத்தவர் கையெழுத்து. என் பெயரைப் போட்டால் லேப் வாங்காது. அவர் இனிஷியலைக் கிறுக்கினேன். டீ குடித்து முடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஜி.எம். அறைக்கு என்னையும் அலாரத்தையும் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ரிப்போர்ட் இருந்தது. வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று சொல்லியது.

"நேத்து நல்ல சரக்குன்னு சொன்னியாமே?" என்றார் ஜி.எம்.

"நல்ல சரக்குதான் சார்."

"கலப்படம்னு லேப் சொல்லுது."

"லேபுக்கு யாரு சார் குடுத்தாங்க? நான் இன்னும் எடுக்கவே இல்லியே."

ஜி.எம். சீட்டை அவர் பக்கம் தள்ளினார். "அப்ப இது யாரு கையெழுத்து?"

அலாரம் அதை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை. என் கையெழுத்தைத் தினமும் ஆர்டர் தாள்களில் பார்க்கிறவர். சீட்டை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க சார். தூங்கற சரக்குல நான் கை வெப்பனா?"

ஜி.எம். என்னைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது தெரியுமா?"

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

காரணங்கள் இருந்தன. மனைவிக்கு ஏழாம் மாதம். கையெழுத்தைப் போலியாகப் போட்டவனுக்கு வேலை போயிருக்கும். காரணம் இல்லாத கோழை உலகத்திலேயே கிடையாது.

"ஒரே ஒரு தபா, பேரல் முழுசா எழுந்தப்புறம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க சார்" என்றார் அலாரம்.

"மில்காரன் எவ்ளோ குடுத்தான்?" என்று கேட்டார் ஜி.எம்.

லாரி அன்றைக்கே திரும்பிப் போனது. அலாரத்தை யார்டிலிருந்து எடுத்து காஸ்டிக் சோடா கோடவுனுக்கு மாற்றினார்கள். அங்கே வாசனை பார்க்க எதுவும் இல்லை, மூக்கை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். யார்டுக்கு வந்த புது ஆள் மின்னல் வேகம். அவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து லேப் மேடம் ஏதோ ரிப்போர்ட்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நிறுத்தினார். "அந்த மார்கழி லாரி சார், சாம்பிள் உறைஞ்சிருந்தப்ப எடுத்ததா? பாதி உறைஞ்சா கெட்டியாகற பாகம் கீழ போயிடும். மேல நிக்கறது வேற குணத்துல இருக்கும். அதை மட்டும் சோதிச்சா கலப்படம் மாதிரிதான் காட்டும். உருக்கிக் கலக்கி எடுத்திருந்தா பாஸ் ஆயிருக்கும்னு நினைக்கிறேன்."

அலாரத்துக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தூங்கினு இருக்குது என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

என் மனசாட்சிக்கு அன்று கொஞ்சம் வீரம் வந்தது. ஜி.எம்.மிடம் போய், லாரி நல்ல லாரிதான் போலிருக்கிறது, சாம்பிள் எடுத்த விதத்தில்தான் கோளாறு என்று சொன்னேன். யார் எடுத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பாதி உண்மை சொன்னால் பாதி புண்ணியம் கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. ஜி.எம். சீட்டை எடுத்துப் பார்த்தார். அதில் அலாரத்தின் இனிஷியல் இருந்தது. "அப்ப காசு வாங்கல. இத்தனை வருஷம் வேலை தெரியாமலே இருந்திருக்கான்" என்றார். சாயந்திரத்துக்குள் அது கோடவுன்வரை போய்விட்டது. லஞ்சம் வாங்கினவர் என்ற பேச்சோடு ஒரு மாதம் வேலைக்கு வந்த மனிதர், வேலை தெரியாதவர் என்ற பேச்சோடு ஒரு வாரம்கூட வரவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்று வெளிவேலை என்று எழுதிவிட்டு வெளியே இருந்தேன்.

இரண்டு வருடத்தில் நானும் கம்பெனியை விட்டேன். எழுதிப் பிழைக்க ஆரம்பித்தேன். திருவொற்றியூரில் வீடு. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னேரி போயிருந்தேன். கடைத்தெருவில் மொத்த எண்ணெய்க் கடை ஒன்றில், சமையல் கான்ட்ராக்டர் ஒருவரிடம் யாரோ, "முப்பது டின்னும் இன்னிக்கே வேணும்னா வேற கடைக்குப் போ. இந்த டின்னு பட்சணத்துக்கு ஆவாது, நாளைக்கு வேற வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடை ஓனர் கல்லாவில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கான்ட்ராக்டரிடம் பேசியவருக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது, ஆனால் அலாரம்தான்.

என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். குழந்தையைப் பற்றி விசாரித்தார். டீ சொன்னார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அந்தச் சீட்டுல கையெழுத்து நான் போட்டது."

"தெரியும் சார்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

அவர் ஒரு டின்னின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்."

அடித்திருந்தால் தேவலை என்று பத்திரிகைகளில் எழுதுகிறோமே, அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பெனிக்குப் போய் இப்போதாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். சிரித்தார். "யார்கிட்ட சொல்லுவீங்க? கம்பெனி கைமாறி எத்தினி நாளாச்சு. இருக்கறவங்க எல்லாம் புது ஆளுங்க." பிறகு, "நீங்க புக்ல எழுதறீங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"அதுல போடலாமா? பேரு வேணாம். அலாரம்னு போட்டா போதும், பேட்டைல பழைய ஆளுங்களுக்குத் தெரியும். காசு வாங்கலன்னு எல்லாம் போட வேணாம் சார், அது அவங்களுக்கே தெரியும். எனக்கு வேலை தெரியும்னு மட்டும் போடுங்க."

போடுகிறேன். அந்த சாம்பிளை எடுத்தவன் நான். கையெழுத்துப் போட்டவனும் நான். கேட்டபோது வாயைத் திறக்காதவனும் நான். அலாரத்துக்கு வேலை தெரியும். அவர் அளவுக்கு ஒரு வேலையைத் தெரிந்துவைத்திருந்த மனிதரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

இந்த இதழ் கடைக்கு வருகிற அன்று காலை, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு ரயிலேறப் போகிறேன். அவர் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிறவர். படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.